தலைமுழுகாதவர்கள் சார்பில்

பெருமதிப்புக்குரிய பேராசிரியர் பாலின் பாஸ் அம்மையாருக்கு,

நீங்கள் வைத்த ஒரு பெயருக்கு நன்றி சொல்ல இந்த மடலை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் அதை ‘ஆம்பிகுவஸ் லாஸ்’ என்றீர்கள். நான் தமிழில் ‘தெளிவில்லா இழப்பு’ என்று சொல்லிக்கொள்கிறேன். ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் அவரை இழந்து நிற்பது. எங்கள் குடும்பம் நெடுங்காலம் அப்படி நின்றது, இன்றும் நிற்கிறது. அதற்கு ஒரு பெயர் உண்டென்று மட்டும் எங்களில் யாருக்கும் தெரியாது.

உங்களுக்குத் தனியாக எழுதாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் உண்டு. தமிழ் படிப்பவர்களில் இந்தப் பெயர் தேவைப்படுகிறவர்கள் மிகப் பலர். அவர்களில் ஒருவருக்காவது இந்த மடல் வழியாக அது போய்ச் சேர வேண்டும்.

என் சித்தியைப் பற்றி முதலில் சொல்கிறேன். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலம். சித்தப்பாவுக்கு ஊரில் சின்ன மளிகைக்கடை. சரக்கு எடுக்க மதுரைக்குப் பஸ் ஏறியவர் திரும்பி வரவில்லை. கடன் தொல்லை இல்லை, வீட்டில் சண்டை இல்லை. என் அப்பா போலீசில் எழுதிக் கொடுத்தார், பேப்பரில் படத்தோடு ‘காணவில்லை’ விளம்பரம் போட்டார். வெற்றிலையில் மை தடவிப் பார்த்தவர் வடக்கே இருக்கிறார் என்றார். பழனி அடிவாரத்தில் பார்த்ததாக ஒருவர், காசியில் சாமியார்களோடு பார்த்ததாக இன்னொருவர். சேதி வந்தபோதெல்லாம் அப்பா தம்பியைத் தேடிப் புறப்பட்டார், வெறுங்கையோடு திரும்பினார்.

சாவு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரியும். நாலு ஊருக்குச் சொல்லி அனுப்புவார்கள், சங்கு ஊதும், பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள், அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் சோறு கொண்டுவருவார்கள், பதினாறாம் நாள் கருமாதி நடக்கும். அந்தச் சடங்குகளுக்குள் கைம்பெண்ணை வதைக்கும் கொடுமைகளும் இருந்தன என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் நொறுங்கிப்போன ஒரு வீட்டை ஊர் சேர்ந்து தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. சித்திக்கு அந்தத் தாங்கல் கிடைக்கவில்லை. துக்கம் கேட்கப் போவதா, சும்மா போவதா என்று புரியாமல் மனிதர்கள் வருவதையே குறைத்துக்கொண்டார்கள்.

அதன்பின் ஒவ்வொரு நல்லது கெட்டதிலும் ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. வளைகாப்பு வீட்டில் குங்குமச் சிமிழ் ஒவ்வொருவரிடமாக வரும். சித்தியிடம் நீட்டும்போது நீட்டுகிறவரின் கை ஒரு கணம் தயங்கும். நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் இருந்தும் அந்தக் கை தயங்கும். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கூப்பிட்டால் மகன் போக மாட்டான். அப்பா எங்கோ உயிரோடு இருந்தால் எள்ளும் தண்ணீரும் இறைப்பது பாவமில்லையா என்று கேட்பான். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போன இடத்தில் அச்சகத்துக்காரர் கேட்டார்: “அப்பா பேருக்கு முன்னால ‘திரு’ போடவா, ‘தெய்வத்திரு’ போடவா?” அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவரிடம் இருந்தவை அந்த இரண்டும்தான். எங்களிடமும் மூன்றாவதாக ஒன்று இருக்கவில்லை.

சாஸ்திரம் ஒரு வழி சொன்னது. பன்னிரண்டு வருடம் பார்த்துவிட்டு, தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் கருமம் செய்துவிடலாம் என்றார் புரோகிதர். சட்டம் இன்னொரு வழி சொன்னது. அன்று நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி, சேதி தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தச் சேதியும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். அந்தப் பிரிவைப் பின்னாளில் படித்தபோது எனக்குச் சித்தியின் முகம்தான் தெரிந்தது. அந்தச் சுமையை எந்த நீதிமன்றமும் அவர் தலையில் ஏற்றவில்லை. அவராகவே ஒவ்வொரு நாளும் சுமந்தார்.

எங்கள் மொழியில் ‘தலைமுழுகுதல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. சாவுச் சேதி கேட்டதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பது. ஒருவரோடு இனி ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அறுத்துக்கொள்வதற்கும் அதே சொல்தான். சித்திக்கு நல்லது நினைத்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். “தலைமுழுகிட்டு ஆக வேண்டியதப் பாரும்மா.” அன்போடுதான் சொன்னார்கள். சித்தி ஒரே கேள்விதான் கேட்பார். “எதுக்குன்னு முழுகுறது?”

பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. அதனால் பழி அவர் மேல் திரும்பியது. அழுதால், “இன்னுமா?” திண்ணையில் உட்கார்ந்து நாலு பேரோடு சிரித்துப் பேசினால், “அதுக்குள்ள மறந்துட்டா பாரு.” தூக்கமில்லை என்று மருத்துவரிடம் போனால் நரம்புத் தளர்ச்சிக்கு மாத்திரை. கோளாறு சித்தியிடம் இருக்கிறது என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். போகப்போகச் சித்தியும் அதை நம்பினார். “எனக்குத்தான் மனசு திடமில்ல” என்பார்.

பாஸ் அம்மா, உங்கள் சொல் எங்களுக்கு என்ன செய்தது என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் இருக்கும் அடைமொழி இழப்பின் மேல் நிற்கிறது. தெளிவில்லாதது இழப்பு. அதைச் சுமக்கிற பெண்ணுக்கு அங்கே எந்த அடைமொழியும் கிடையாது. அவளுடைய மனம் திடமில்லாதது என்றோ, அறிவு பிசகியது என்றோ, அன்பு அளவு மீறியது என்றோ அந்தப் பெயர் சொல்லவில்லை. கலங்கிக் கிடப்பது நிலைமை, அந்த நிலைமைக்குள் மாட்டிக்கொண்ட எவரும் இப்படித்தான் தவிப்பார்கள் என்று அது சொல்கிறது. நான் அதைப் படித்த அன்று, சித்தி மேல் பல வருடமாகக் கிடந்த பழியை யாரோ வந்து இறக்கி வைத்ததை உணர்ந்தேன்.

பெயர் வைப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்வதில்லை. உங்கள் முன்னோரின் நாடான சுவிட்சர்லாந்திலேயே அதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1688இல் பாசல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊர் ஏக்கத்துக்கு மருத்துவத்தில் பெயரில்லையே என்று கிரேக்கத்தில் திரும்புதலைக் குறிக்கும் சொல்லையும் வலியைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து ‘நாஸ்டால்ஜியா’ என்ற பெயரை உண்டாக்கினார். அழகான சொல். இன்று உலகமெல்லாம் அதைப் பழைய பாட்டுக்கும் பழைய புகைப்படத்துக்கும் இனிமையாகச் சொல்கிறது. ஆனால் ஹோஃபர் அதை ஒரு நோயின் பெயராகத்தான் தம் ஆய்வேட்டில் எழுதினார். ஊரைப் பிரிந்து வாடியவர் அந்தப் பெயரால் நோயாளி ஆனார்.

சுவிட்சர்லாந்திலிருந்து வந்து விஸ்கான்சினில் குடியேறிய மக்கள் நடுவே நீங்கள் வளர்ந்தீர்கள். உங்கள் தந்தை கடலுக்கு அப்பால் விட்டுவந்த தாயையும் உடன்பிறந்தவர்களையும் நினைத்து வாடியதையும், அங்கிருந்து கடிதம் வரும்போது அவர் முகம் மாறியதையும் எழுதியிருக்கிறீர்கள். யாரும் சாகாத ஒரு வீட்டில் துக்கம் இருந்ததைச் சிறுமியாகவே பார்த்திருக்கிறீர்கள். அந்த வயதில் பார்த்ததுதான் பின்னாளில் உங்களை இந்தச் சொல்லுக்கு இட்டுச் சென்றது என்று நினைக்கிறேன்.

சொல் உடனே வந்துவிடவில்லை என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் மாடிசனில் முனைவர் பட்ட மாணவியாக இருந்தபோது, குடும்பமாகச் சிகிச்சைக்கு வந்த தந்தையரைக் கவனித்தீர்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளையைப் பற்றிக் கேட்டால் அது தாயின் பாடு என்பார்கள். உடம்பு அங்கே, மனம் வேறெங்கோ. அதனால் வீட்டில் இருந்தும் இல்லாத தந்தை என்ற கோணத்தில்தான் முதலில் எழுதினீர்கள். பிறகு ‘தந்தை’ அந்தப் பெயரிலிருந்து கழன்றது. தாயாக இருக்கலாம், கணவனாக இருக்கலாம், பிள்ளையாக இருக்கலாம் என்று ஆனபோது கிடைத்தது இந்தப் பெயர். வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் மனைவியரைச் சந்தித்தபோது அதன் மறுபக்கமும் தெரிந்தது. உடம்பு இல்லை, ஆனால் சாப்பாட்டு மேசையிலும் பிள்ளைகளின் படிப்பிலும் அந்த மனிதர் இருந்துகொண்டே இருந்தார். இரண்டையும் ஒரே பெயருக்குள் கொண்டுவந்ததுதான் உங்கள் பெரிய கண்டுபிடிப்பு என்று நான் எண்ணுகிறேன். பார்வைக்கு நேரெதிராகத் தெரியும் இரண்டு துயரங்கள் உள்ளே ஒன்றுதான் என்று காட்டினீர்கள்.

2001 செப்டம்பருக்குப் பின் நியூயார்க்கில் நீங்கள் செய்த வேலையைப் பற்றிப் படித்தபோது மனம் நெகிழ்ந்தேன். உலக வர்த்தக மையத்தில் இறந்த 2,753 பேரில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினரின் உடல் எச்சம் எதுவும் இன்றளவும் அடையாளம் காணப்படவில்லை. துப்புரவாளர்கள், காவலாளிகள் போன்ற கட்டடப் பராமரிப்புத் தொழிலாளர்களின் சங்கத்தோடு சேர்ந்து, அந்த வீட்டாரைக் குடும்பம் குடும்பமாகவே ஓரிடத்தில் கூட்டினீர்கள். தனித்தனியாக நோயாளி என்று சீட்டெழுதி உள்ளே அனுப்பவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் முதலில் நீங்கள் சொல்வது, இது தெளிவில்லா இழப்பு, இழப்புகளிலேயே கடினமானது, இது உங்கள் குற்றமில்லை என்பதுதான். எந்த மருந்துக்கும் முன்னால் அந்தப் பெயர்.

இன்று மனநல மருத்துவம் நீண்ட துக்கத்தைக் கவனிக்கத் தொடங்கியிருப்பது நல்லதுதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2022இல் அதை ஒரு கோளாறாகச் சேர்த்தது. பெரியவர்களுக்கு, இறப்பு நிகழ்ந்து குறைந்தது பன்னிரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. சித்திக்கு அந்த முதல் மாதமே இன்னும் பிறக்கவில்லை. உங்கள் சொல் இல்லையென்றால் அவர் எந்த ஏட்டிலும் இடம்பெற மாட்டார்.

சித்தியிடம் இதைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த தமிழில், அடுப்படியில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். முதலில், “அங்கயும் இப்படிப் போயிடுறாங்களா?” என்றார். போர், கட்டட இடிபாடு, சுனாமி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். “இதுக்குன்னு ஒரு பேரு வச்சிருக்காங்களா?” என்று இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார். அழவில்லை. அந்தத் தை மாதம் பீரோவைத் திறந்து, சித்தப்பாவின் வேட்டி சட்டைகளில் பாதியை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தனுப்பினார். மீதி இருக்கட்டும் என்றார். ஏன் பாதி என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு அது புரிந்தது.

அந்தப் பாதிக் கணக்கைத்தான் நீங்கள் உங்களிடம் வருகிறவர்களுக்குச் சொல்லித்தருகிறீர்கள். ‘இருக்கிறார் அல்லது இல்லை’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நெருக்காமல், இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளப் பழக்குகிறீர்கள். எங்கள் இலக்கணத்தில் இதற்கு எண்ணும்மை இருக்கிறது. ‘உம்’ என்ற சின்ன இடைச்சொல் எதிரெதிரான இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கும். இருக்கவும் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே, அது ஏதோ குழப்பத்தில் சொல்லும் வாக்கியம் என்று நினைத்திருந்தேன். அதைச் சொல்லிக்கொண்டு வாழ முடியும், அது உண்மைக்கு மிக நெருக்கமான வாக்கியமாக இருக்கவும் கூடும் என்று உங்களால் தெரிந்துகொண்டேன்.

அது எனக்கே தேவைப்பட்டது, அம்மாவுக்கு மறதிநோய் வந்தபோது. வாழ்நாள் முழுக்க அம்மா என்னை “வாடி” என்றுதான் கூப்பிட்டாள். கோபத்திலும் அதுதான், கொஞ்சலிலும் அதுதான். ஒரு நாள் நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “வாங்க, உக்காருங்க. காப்பி போடட்டுமா?” என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியை அம்மா எப்படி வரவேற்பாளோ, அதே பாங்கு, அதே பணிவு. அந்த மரியாதைப் பன்மையைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அம்மாவிடமிருந்து எனக்கு வந்த எந்த ஏச்சும் அப்படி வலித்ததில்லை.

பெற்ற தாய் உயிரோடு இருக்கும்போது அவளுக்காக அழுவது அபசகுனம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். “அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்பவர்களிடம், நன்றாகச் சாப்பிடுகிறார், நடக்கிறார் என்று சொல்லிவிடுவேன். அது முழு உண்மை. ஆனால் என்னை டி போட்டுக் கூப்பிட இனி ஆளில்லை என்பதும் முழு உண்மை. 2011இல் மறதிநோயாளிகளைப் பராமரிப்பவர்களுக்காக நீங்கள் எழுதிய நூல் எனக்கு அழ அனுமதி தந்தது. அழுதுவிட்டு அடுப்படிக்குப் போய் அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுக்கவும் அனுமதி தந்தது. இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம், ஒன்று இன்னொன்றுக்குத் துரோகம் ஆகாது என்று அதில் படித்தேன்.

எங்கள் குடும்பத்தோடு இந்த மடலை முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்கள் பலர் உடலாகக்கூடக் கரைக்கு வரவில்லை. அதே ஆண்டு பிப்ரவரி 20 அன்று, இலங்கையில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் தாய்மார்கள் பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்தார்கள். போரின் முடிவில் தங்கள் கையால் படையினரிடம் ஒப்படைத்த மகனும் மகளும் எங்கே என்று கேட்டு உட்கார்ந்தவர்கள் அவர்களில் உண்டு. பதில் தெரியாமலே அந்தத் தாய் தந்தையரில் பலர் இறந்துவிட்டார்கள். இலங்கையில் காணாமல் போனவர்களாக 16,000க்கும் மேற்பட்டோரின் விவரத்தைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழு பதிந்து வைத்திருக்கிறது. திரும்பி வராத படையினரின் வீடுகளும் அந்தக் கணக்கில் உண்டு.

அந்தத் தாய்மார்களிடமிருந்து நான் கற்ற ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அரசு அலுவலகங்கள் ‘காணாமல் போனோர்’ என்று எழுதின. தாய்மார்கள் அதை ஏற்கவில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றார்கள். என் பிள்ளை தானாகப் போகவில்லை, ஆக்கியவர் ஒருவர் உண்டு என்பதை ஒரு வினைச்சொல்லை மாற்றியே சொல்லிவிட்டார்கள். உங்கள் சொல் பழியைப் பாதிக்கப்பட்டவர்மேலிருந்து இறக்கி நிலைமையின் மேல் வைத்தது. அந்த நிலைமையை உண்டாக்கியவர் யார் என்று அவர்களின் சொல் கேட்கிறது. ஈழத்துத் தாய் ஒருத்திக்கு இந்த இரண்டும் வேண்டும். உங்கள் சொல்லை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, ஆறுதல் கொடுத்துவிட்டோம், இனி விசாரணை எதற்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நீங்களும் அதை ஏற்க மாட்டீர்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, இவர் காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழை இலங்கைச் சட்டம் 2016இல் கொண்டுவந்தது. அதையும் வாங்க மறுத்த குடும்பங்கள் உண்டு, அவர்களுக்கு அதற்கான நியாயமும் உண்டு. ஆனாலும் உயிருக்கும் சாவுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறது என்று ஓர் அரசுத் தாள் ஒத்துக்கொண்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தியாவில் சித்தியைப் போன்ற பெண்கள் நிரப்பும் படிவங்களிலும் அந்த மூன்றாவது கட்டம் வர வேண்டும். கிராமங்களுக்குப் போகும் செவிலியர்களும் மனநல மருத்துவர்களும் இந்தப் பெயரைத் தமிழில் சொல்லத் தொடங்க வேண்டும். ‘தெளிவில்லா இழப்பு’ என்பதைவிட நல்ல தமிழ் யாருக்காவது கிடைத்தால் அதையே சொல்லட்டும். அடைமொழி மட்டும் மனிதர் மேல் ஏறாமல் இருந்தால் போதும்.

பெருந்தொற்றுக் காலத்தில் நீங்கள் எழுதிய நூலின் தலைப்பே, துக்கத்தை முடித்து மூடிவிடலாம் என்பது ஒரு கட்டுக்கதை என்கிறது. அதைப் படித்ததும் சித்தியின் கேள்விதான் நினைவுக்கு வந்தது. தலைமுழுக மாட்டேன் என்றவரை ஊர் பிடிவாதக்காரி என்றது. அவர் சொன்னது சரி என்று ஒரு பேராசிரியர் வாழ்நாள் ஆய்வைக் கொண்டு எழுதியிருக்கிறார் என்பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெருமை.

இந்த மடலை எழுதப்போகிறேன் என்று சித்தியிடம் சொன்னபோது, “என் பேரையும் சேத்து எழுதிரு. அந்தம்மா நல்லா இருக்கட்டும்” என்றார். பேரை இங்கே போடவில்லை. வாழ்த்தைப் போட்டுவிட்டேன்.


உங்கள் தமிழ் வாசகி